சூடானுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சூடானுக்காகக் கூட்டம் போடுகிற, நிதி திரட்டுகிற, மனு எழுதுகிற அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் துண்டறிக்கைகளும் மனுக்களும் பெரும்பாலும் ‘சூடானைக் காப்பாற்றுங்கள்’ என்று முடிகின்றன. யார் காப்பாற்ற வேண்டும், எதைச் செய்து, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் அவற்றில் இருப்பதில்லை. இந்த மடல் அந்த மூன்று கேள்விகளைப் பற்றியது. கொஞ்சம் கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே நாட்டின் மேற்கே டார்ஃபூர் பகுதியில் அரசுப் படையும் ஜஞ்சவீத் என்ற அரசு ஆதரவு ஆயுதக் குழுக்களும் மக்களைக் கொன்றதை எதிர்த்து, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் இயக்கம் நடந்தது. 2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘சேவ் டார்ஃபூர்’ கூட்டமைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட சமய, மனித உரிமை அமைப்புகள் சேர்ந்தன. 2006 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டனில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அந்த அழுத்தம் வீண்போகவில்லை. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு டார்ஃபூர் அனுப்பப்பட்டது, அமைதிப்படைக்கு ஒப்புதல் கிடைத்தது. இவற்றுக்குப் பின்னால் அந்த இயக்கத்தின் சத்தமும் இருந்தது. ஆனால் அந்த இயக்கம் செய்த பிழைகளை இன்றைய இயக்கங்கள் அப்படியே திரும்பச் செய்கின்றன. அதனால்தான் பழைய கதையை எடுக்கிறோம்.

முதல் பிழை எண்ணிக்கையில். நான்கு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று அந்தக் கூட்டமைப்பு விளம்பரம் கொடுத்தது. 2007-ல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, இது ஒரு கருத்து, உறுதியான தகவல்போல எழுதியிருக்கக் கூடாது என்று சொன்னது. புகார் செய்தவர்கள் சூடான் அரசுக்கு அனுதாபம் உள்ளவர்கள். சாவுகள் உண்மை, ஆனால் பேச்சு சாவை விட்டு எண்ணுக்குத் தாவியது. இரண்டாம் பிழை கோரிக்கையில். 2007 தொடக்கத்தில் டார்ஃபூர் வானில் விமானம் பறக்கத் தடை விதிக்கச் சொல்லி முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. களத்தில் இருந்த நிவாரண அமைப்புகள் பதறிப்போயின. உணவும் மருந்தும் ஊழியர்களும் போய்வந்தது அதே வானில்தான். கேட்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். மூன்றாவது, நன்கொடை கொடுத்தவர்களில் பலர் அந்தப் பணம் முகாம்களில் சோறாகும் என்று நம்பினார்கள். அது பிரசாரத்துக்கான பணம். சட்டப்படி குற்றமில்லை, ஆனால் ரசீதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டிய செய்தி.

2009 மார்ச் 4 அன்று அதிபர் உமர் அல் பஷீர் மீது கைது ஆணை பிறந்தது. அன்றே சூடான் அரசு 13 வெளிநாட்டு நிவாரண அமைப்புகளை நாட்டை விட்டு வெளியேற்றியது. நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கைது ஆணை கேட்டது தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2025 அக்டோபரில் ஜஞ்சவீத் தளபதி அலி குஷைப் அதே நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானதற்கு வித்திட்டது, டார்ஃபூரை அங்கே அனுப்ப 2005-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை எடுத்த முடிவுதான். நாங்கள் சொல்வது வேறு. சாட்சியம் திரட்டுகிற வேலையும் சோறு போடுகிற வேலையும் ஒரே அமைப்பின் பெயரில், ஒரே வங்கிக் கணக்கில், ஒரே வாட்ஸாப் குழுவில் இருக்கக் கூடாது. உங்களில் பலரிடம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

இனி இன்றைய போர். 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்த்தூமில் தொடங்கியது. ஒரு பக்கம் அப்தெல் ஃபத்தா அல் புர்ஹானின் ராணுவம். மறுபக்கம் ஹெமெட்டி என்று அறியப்படும் முகமது ஹம்தான் டகாலோவின் துணைப்படையான ஆர்.எஸ்.எஃப்.; இது 2013-ல் பழைய ஜஞ்சவீத் குழுக்களிலிருந்து உருவானது. இந்த இருவரும் சேர்ந்துதான் 2021 அக்டோபர் 25 அன்று மக்களாட்சிக்கான இடைக்கால அரசைக் கவிழ்த்தார்கள். ஆகவே ‘இனச் சண்டை’ என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். ‘இரு தரப்பும் அட்டூழியம் செய்கின்றன’ என்ற வரியும் போதாது, அது எழுதுபவரின் சோம்பல். யார், எங்கே, எப்போது, என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். 2023-ல் அல் ஜெனீனா நகரில் மசாலித் இன மக்களைக் குறிவைத்து ஆர்.எஸ்.எஃப். படையும் கூட்டாளிகளும் நடத்திய கொலைகளில் 10,000 முதல் 15,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையில் இருக்கிறது. 2025 அக்டோபர் 26 அன்று, 500 நாளுக்கு மேல் முற்றுகையிட்ட பிறகு, அல் ஃபாஷிர் நகரைப் பிடித்து அங்கே படுகொலை செய்ததும் அதே படை. 2025 மார்ச்சில் வடக்கு டார்ஃபூரின் தோரா சந்தையில் குண்டு போட்டது ராணுவ விமானம். இப்படி எழுதினால் படிப்பவருக்கு அளவும் புரியும், ஆளும் புரியும்.

எண்ணிக்கைக்கு வருவோம். இந்தப் போரில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு எண்ணிப் பார்த்த கணக்கு கிடையாது. 1,50,000 என்று அடிக்கடி சொல்லப்படுவது அமெரிக்கத் தூதர் ஒருவர் மேலெல்லையாகச் சொன்ன மதிப்பீடு. முறைப்படி செய்த ஆய்வு என்றால், லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2024 நவம்பரில் வெளியிட்டதைச் சொல்லலாம். கார்த்தூம் மாநிலத்தில் மட்டும், முதல் 14 மாதங்களில் மட்டும், எல்லாக் காரணங்களாலும் 61,000-க்கு மேல் மரணம். அதில் சுமார் 26,000 வன்முறையால். மூன்று வரம்புகளையும் சேர்த்தே எழுதுங்கள்: எந்த மாநிலம், எந்தக் காலம், எந்தக் காரணம். ‘சூடானில் 61,000 பேர் பலி’ என்று சுருக்கினால் நாட்டின் மீதிப் பகுதிகளில் செத்தவர்களை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

பஞ்சம் என்ற சொல்லிலும் அதே கவனம் வேண்டும். ஐ.நா. சார்ந்த உணவுப் பாதுகாப்பு வகைப்பாட்டில் அதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு. ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவு அறவே எட்டாத நிலை. குழந்தைகளில் 30 சதவீதம் பேருக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு மரணம். 2024 ஆகஸ்டில் அல் ஃபாஷிருக்கு அருகே ஜம்ஜம் முகாமில் பஞ்சம் உறுதியானது. ஆண்டு முடிவதற்குள் வேறு முகாம்களும் நூபா மலைகளின் மேற்குப் பகுதியும் சேர்ந்தன. 2025 நவம்பரில் அல் ஃபாஷிர், காடுக்லி நகரங்களும் சேர்ந்தன. சூடான் அரசு இதை ஏற்கவில்லை. 2024 டிசம்பரில் அந்த வகைப்பாட்டு முறையிலிருந்தே விலகியது. நீங்கள் ‘நாடு முழுவதும் பஞ்சம்’ என்று எழுதினால், மறுப்பவர்களுக்கு வேலை மிச்சம். இன்னொரு பக்கம், அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பதும் குற்றம். மூன்றாவது அளவுகோல் மரணங்களை எண்ணுவது. அறிவிப்பு வரும்போதே பிணங்கள் விழுந்திருக்கும். வகைப்பாட்டில் பஞ்சத்துக்கு முந்தைய நிலையான நான்காம் கட்டத்தில் ஓர் ஊர் இருக்கிறது என்று அறிக்கை வந்தவுடன் உங்கள் வேலை தொடங்க வேண்டும்.

படங்கள். 2019 ஜூன் 3 அன்று கார்த்தூமில் ராணுவத் தலைமையகத்துக்கு முன் அமர்ந்திருந்த போராட்டக்காரர்கள் கொல்லப்பட்ட பிறகு, உலகமெங்கும் பலர் சமூக ஊடகத்தில் தங்கள் முகப்படத்தை நீலமாக்கினார்கள். அந்த அலையில் ‘சூடான் மீல் பிராஜெக்ட்’ என்று ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு முளைத்தது. பகிர்ந்தால் போதும், சூடான் குழந்தைக்குச் சாப்பாடு போகும் என்றது. லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். சாப்பாடு எதுவும் போகவில்லை, கணக்கு முடக்கப்பட்டது. விழிப்புணர்வை மட்டுமே விற்றால் இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் கடை திறந்து கொடுக்கிறோம்.

அல் ஃபாஷிர் விழுந்த நாட்களில் வந்த வீடியோக்களில் பல, கொலையாளிகளே பெருமைக்காக எடுத்தவை. அவற்றைப் பகிர்வது அவர்கள் விளம்பரத்தை நீங்கள் ஓட்டித் தருவது. அழித்துவிடவும் கூடாது, ஏனென்றால் அவை சாட்சியம். பதிவின் முகவரி, பதிவேறிய நேரம், கணக்கின் பெயர், கிடைத்த கோப்பு ஆகியவற்றை வெட்டாமல் சுருக்காமல் சேமித்து, புலனாய்வு செய்யும் அமைப்புகளிடம் கொடுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் சொல்லும் உள்விவரங்கள் உதிர்ந்துவிடும். பசித்தவர்களுக்காக அங்கே தன்னார்வலர்கள் நடத்தும் பொதுச் சமையலறைகளின் படங்களுக்கு இதற்கு நேர்மாறான விதி. அங்கே இடவிவரம் உதிரத்தான் வேண்டும். தன்னார்வலர்களை இரு படைகளும் ‘எதிரிக்கு உளவு’ என்று பிடித்துப் போயிருக்கின்றன. வரிசையில் நிற்கும் பெண்ணின் முகமும் பின்னால் தெரியும் மசூதிக் கோபுரமும் சேர்ந்தால் தெருவைக் கண்டுபிடித்துவிடலாம். அண்டாவைப் படம் எடுங்கள், ஆளை வேண்டாம். நன்கொடையாளர் முகம் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. போர் தொடங்கியபோது வெளிநாட்டு அமைப்புகள் கார்த்தூமை விட்டுப் போய்விட்டன. அந்த நாட்களில் இந்தியாவும் ‘ஆபரேஷன் காவேரி’ என்ற பெயரில் தமிழர்கள் உட்பட மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களை அழைத்து வந்தது. அவர்கள் வீடு சேர்ந்ததோடு நம் நாளிதழ்களில் சூடான் செய்தியும் ஏறக்குறைய நின்றது. அங்கேயே இருந்தவர்கள் அந்தந்தப் பேட்டை இளைஞர்கள். 2018-19 எழுச்சியில் தெருவுக்குத் தெரு உருவான எதிர்ப்புக் குழுக்களின் பழக்கத்தில் ‘அவசர உதவி அறைகள்’ என்ற தன்னார்வக் குழுக்களை அமைத்தார்கள். பேட்டை அளவில் ஓர் அறை, அதற்கு மேல் மாநில அளவில் ஓர் அறை. பணம் வாங்குபவர் ஒருவர், பொருள் வாங்குபவர் வேறொருவர், கணக்கு எழுதுபவர் மூன்றாமவர். பெண்களுக்கென்று தனி அறைகளும் உண்டு. 2025-ல் ரைட் லைவ்லிஹுட் விருதும் நார்வேயின் ராஃப்டோ பரிசும் இவர்களுக்குக் கிடைத்தன. அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் இவர்களின் பொதுச் சமையலறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. ஒரே நன்கொடையாளரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அந்தச் சமையலறைக்குப் பெயர் தகீயா. சூஃபி மடங்களில் வழிப்போக்கருக்குச் சோறு போடும் பழைய வழக்கத்திலிருந்து வந்தது. அங்கே வேகுவது பெரும்பாலும் சோளமாவைக் கிண்டிய அஸீதா, பருப்பு, ஃபூல் என்ற மொச்சை வகைப் பயறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 பேருக்கு ஒரு வேளை. தலைக்கு 150 கிராம் சோளமாவு, 50 கிராம் பருப்பு, 10 கிராம் எண்ணெய் என்றால் 75 கிலோ மாவு, 25 கிலோ பருப்பு, 5 கிலோ எண்ணெய். தலைக்கு ஏறத்தாழ 800 கலோரி கிடைக்கும். ஒரு நாளைக்குத் தேவை என்று நிவாரணப் பணியில் வைக்கும் அளவு 2,100. பல இடங்களில் அந்த ஒரு வேளைதான் அன்றைய உணவு முழுவதும்.

இதில் எங்கே இடிக்கிறது? ‘உணவுக்கு மட்டும்’ என்று முத்திரை குத்தி நீங்கள் அனுப்பும் பணத்தில்தான். சோளம் மூட்டையாக வரும். அரைக்க மில் வேண்டும், மில்லுக்கு டீசல் வேண்டும். கிண்டத் தண்ணீர் வேண்டும். குழாய் இல்லாத ஊரில் கழுதை வண்டித் தண்ணீர் காசுக்குத்தான். விறகோ கரியோ வாங்க வேண்டும். உப்பு, வெங்காயம், அண்டா, மாவு ஏற்றிவரும் வண்டிக்கூலி. இந்தச் செலவுகளுக்கு இடமில்லாத பணம் வந்தால் மூட்டை கிடக்கும், அடுப்பு எரியாது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் உணவு, எரிபொருள், தண்ணீர், போக்குவரத்து நான்கையும் ஒரே தலைப்பில் போட்டு, பிரித்துக்கொள்ளும் உரிமையை அறைக்கே விட்டுவிடுங்கள். முற்றுகையின் கடைசி மாதங்களில் அல் ஃபாஷிர் மக்கள் மாட்டுக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்கைத் தின்றார்கள். அதைக்கூட விலைக்குத்தான் வாங்கினார்கள்.

பணம் எப்படிப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் உள்ள சூடானியர் அமைப்பின் கணக்கிலிருந்து, பெரும்பாலும் ஒரு தரகர் வழியாக, கார்த்தூம் வங்கியின் ‘பன்கக்’ செயலிக்கணக்குக்குச் சூடான் பவுண்டாகப் போகும். மளிகைக்காரர் செயலியிலேயே வாங்கிக்கொண்டால் நல்லது. ரொக்கம் வேண்டுமென்றால் மாற்றித் தருபவர் கமிஷன் பிடிப்பார். ரொக்கம் அரிதான ஊரில் கமிஷன் ஏறும். 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஏறக்குறைய நாடு முழுவதும் அறுந்தபோது செயலியும் நின்றது, சமையலறைகளும் நின்றன. பிறகு செயற்கைக்கோள் இணையம் தரும் ஸ்டார்லிங்க் கருவி வைத்திருப்பவரிடம் நேரத்துக்குக் காசு கொடுத்துப் பரிமாற்றம் செய்தார்கள். 2024 டிசம்பரில் ராணுவ அரசு 500, 1,000 பவுண்டு நோட்டுகளைப் புதிதாக மாற்றியது. மாற்றும் வசதி அதன் பகுதிகளில் மட்டும். ஆர்.எஸ்.எஃப். பகுதியில் இருந்தவர்கள் பழைய நோட்டோடு மாட்டிக்கொண்டார்கள். இத்தனை ஓட்டைகளுக்கு நடுவே போகிற பணத்துக்கு, கடை முத்திரை பதித்த பில்லை ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கேட்பது நியாயமில்லை. கையால் எழுதிய கொள்முதல் பட்டியல், செயலியின் திரைப்பதிவு, சாப்பிட்டவர்களின் தலைக்கணக்கு ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறை கேளுங்கள், போதும். மாற்றுவிகிதத்தில் போகும் தொகையைத் திருட்டு என்று எழுதாமல் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். பரிமாற்றக் குறிப்பில் தன்னார்வலர் பெயரும் பேட்டைப் பெயரும் எழுதவே கூடாது. மொத்தமாக அனுப்பாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக அனுப்புங்கள். நிறைந்த கிடங்கு கொள்ளைக்கு அழைப்பு.

பழைய துணி, பால்மாவு டின், அரைகுறை மருந்துப் பெட்டி எதையும் அனுப்பாதீர்கள். அசுத்தமான தண்ணீரில் பால்மாவைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் பேதிதான். 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட காலரா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கிய நாடு அது. கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்குத் தருவது 92 கிராம் வேர்க்கடலைப் பசைப் பொட்டலம். அட்டைப்பெட்டிக்கு 150 பொட்டலம். ஒரு குழந்தை தேற ஏறக்குறைய ஒரு பெட்டி. மேல் கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போன குழந்தைக்குச் சமையலறைக் கஞ்சி போதாது. அந்தப் பசை போவது யூனிசெஃப் போன்ற அமைப்புகளின் வழியில்தான். அதற்குப் பணமாகக் கொடுங்கள்.

இனி கோரிக்கைகள். ஐ.நா. பாதுகாப்பு அவை ஆயுதத்தைத் தடுக்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள். தடை ஏற்கெனவே இருக்கிறது, 2004 முதல், ஆனால் டார்ஃபூருக்கு மட்டும். நாடு முழுவதற்கும் விரிக்கக் கேளுங்கள் என்பது சரியான வாசகம். அதோடு, அந்த அவையில் என்ன நடக்கும் என்பதையும் உறுப்பினர்களுக்குச் சொல்லிவையுங்கள்: 2024 நவம்பர் 18 அன்று பொதுமக்களைக் காக்கக் கோரி பிரிட்டனும் சியரா லியோனும் கொண்டுவந்த தீர்மானத்தை ரஷ்யா ஒற்றை வீட்டோவில் வீழ்த்தியது. ஆகவே உங்கள் சொந்த நாட்டு அமைச்சரிடம் போவதே பலன் தரும். ஐக்கிய அரபு அமீரகம் ஆர்.எஸ்.எஃப்.-க்கு ஆயுதம் அனுப்புகிறது என்ற குற்றச்சாட்டை அது மறுக்கிறது. ஆனால் அமீரகத்தில் தயாரான கவச வண்டிகளில் பிரெஞ்சுத் தற்காப்புக் கருவிகள் சூடானில் காணப்பட்டதை மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி 2024 நவம்பரில் படங்களுடன் வெளியிட்டது. பிரான்சிலும் பிரிட்டனிலும் இருப்பவர்கள் கேட்க வேண்டியது இது: அமீரகத்துக்கு ஆயுத ஏற்றுமதி உரிமங்கள் எவை, ஆயுதம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று யார் சரிபார்த்தார்கள், எந்தத் தேதியில்? ‘போரை நிறுத்துங்கள்’ என்ற மனுவுக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். உரிமத்தைப் பற்றிக் கேட்டால் கோப்பைத் திறந்தாக வேண்டும்.

சாட் நாட்டு எல்லையில் நிவாரண லாரிகள் வரும் அத்ரே வழியும் அப்படித்தான். ராணுவ அரசு அதை 2024 பிப்ரவரியில் மூடி, ஆகஸ்டில் திறந்து, தவணை தவணையாக நீட்டித்து வருகிறது. தவணை முடிவதற்கு ஆறு வாரம் முன்பே கடிதம் போக வேண்டும்; முடிந்த பிறகு போராடினால் லாரிகள் எல்லையில் நிற்கும். 2025-ல் ஐ.நா. சூடானுக்குக் கேட்ட சுமார் 420 கோடி டாலரில் பாதிகூடச் சேரவில்லை. உங்கள் அரசு எவ்வளவு வாக்களித்தது, எவ்வளவு கொடுத்தது என்ற இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

கடைசியாகக் காலம். உங்கள் நிதித்திரட்டல் பெரும்பாலும் ரமலானிலும் டிசம்பரிலும் நடக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் சூடானில் மழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை பெய்யும். பழைய தானியம் தீர்ந்து புதிது விளையாத பசிக்காலமும் அதே மாதங்கள்தான். டார்ஃபூரின் காட்டாறுகள் பெருகினால் லாரி நகராது. அத்ரே திறந்த அதே 2024 ஆகஸ்டில், அல் ஜெனீனாவிலிருந்து மத்திய டார்ஃபூருக்குப் போகும் பாதையில் மோர்னே பாலத்தை வெள்ளம் அடித்துப் போனது. அனுமதி கிடைத்தும் பாதை இல்லை. எனவே திரட்டிய பணம் ஏப்ரலுக்குள் அறைகளுக்குப் போய்ச் சேரட்டும், தானியம் மே முடிவதற்குள் ஊருக்குள் இறங்கட்டும். விதைக்கென்று ஒதுக்கினால் ஜூன் முதல் வாரத்துக்குள் கைக்குக் கிடைக்க வேண்டும். சோளம் விதைக்கிற ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது. டிசம்பரில் வசூலித்ததை ஆண்டுக் கணக்கு முடியட்டும் என்று மார்ச் வரை வங்கியில் வைத்திருக்கும் பொருளாளர்கள் உங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது காட்டுங்கள்.

இப்படிக்கு,
சூடான் நிவாரணப் பணிகளைத் தொடர்ந்து கவனித்து வருபவர்கள்